கப்பலில் செருப்பை எங்கே கழற்றி வைப்பது?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு அருகில் சுற்றுலா அலுவலகம் நடத்தும் சங்கீதா போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். சின்னசேலம் பக்கத்து மக்காச்சோள வியாபாரிகள் சிலர் குடும்பத்தோடு சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறார்களாம்.

"சார், நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும். கப்பல்ல எப்படி நடந்துக்கறது, இன்னா எடுத்துக்கினு போலாம், இன்னா கூடாதுன்னு. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க கப்பல்லயே இருந்தவரு, உங்க பேச்சுக்கு மரியாத ஜாஸ்தி."

வேலையில் இருந்த காலத்தில் என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எச்சரிக்கையாக ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு இடமே கிடைக்கவில்லை.

"சார், ஊறுகா எடுத்துக்கினு போலாமா?"

"பாட்டிலில் மூடி சீல் உடையாமல் இருந்தால் போலாம்."

"வூட்ல போட்டது?"

"வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."

"வாந்தி வருமா சார்?"

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். கல்வராயன் மலையின் அந்த வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போனவர்கள் கப்பலிலும் முகரலாம். அங்கே கண்ணை மூடிக்கொண்டவர்கள் இங்கே திறந்து வைத்திருக்க வேண்டும். கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் வயிறு அடங்கும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேட்டு வாங்குங்கள், ஆட்டம் கம்மி. மேல்தளத்து அறைக்கு ஜாஸ்தி பணம் கொடுப்பவர் ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

இதெல்லாம் சுலபமான பாடம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "சார், செருப்ப எங்க வுடுறது? ரூமுக்கு வெளியவா, உள்ளயா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வேலைக்காலத்திலேயே மிகக் கடினமான காலைப்பொழுது அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. மண்டபத்தில் அதை முழுதாகச் சொல்ல நேரம் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்குப் பந்தி போட ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். எனக்கு ஆங்கில இலக்கணத்தையும், யாரையும் நம்பாமல் எதையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கொடுத்தார். பட்டம் படித்தேன், ஹோட்டல் வேலை கற்றேன், பம்பாயில் கொஞ்ச காலம் சூட்கேஸ் தூக்கினேன், கப்பலில் ஏறினேன். பர்சர் அலுவலகம் என்று ஒன்று அங்கே உண்டு. ஹோட்டலின் வரவேற்பு மேசை, காவல் நிலையம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரின் குறைகளைக் கேட்கும் பெண்ணின் தாய்மாமன், இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் பர்சர் அலுவலகம். கடைநிலையில் சேர்ந்து துணைத் தலைவராக வெளியே வந்தேன்.

உலகம் முழுவதும் பயணிகள் ஒன்றுதான் என்பதை அங்கே கற்றேன். உளுந்தூர்பேட்டையில் பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நம்மவர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தேன். ஐரோப்பியக் கனவான்கள் விடியும் முன்பே வந்து நீச்சல்குளத்து நாற்காலிகளில் துண்டு போட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கப் போவதைப் பார்த்த பிறகு எனக்குத் தாழ்வு மனப்பான்மை போய்விட்டது. துண்டு போடாதீர்கள். பந்தியைப் போல் பரிமாறுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். அதே சமயம் நாளைக்குக் கிடைக்காது என்பதைப் போலத் தட்டில் குவிக்கவும் வேண்டாம். கிடைக்கும்.

என் மேலதிகாரி டிசில்வா மேடம், கோவாக்காரர். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நிலைமை மோசமாக ஆக அவர் குரல் தாழும். சத்தமாகத் திட்டினால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். காப்பி ஆறிப்போனது போன்ற விஷயமாகத்தான் இருக்கும். குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லப் பேசினால், எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டாரென்றால் தீ பரவிவிட்டது.

"பயணியிடம் விதியைச் சொல்லாதே, காரணத்தைச் சொல்" என்பார். "காரணம் இல்லாத விதி ஏதாவது கண்ணில் பட்டால் என்னிடம் கொண்டு வா."

ஓய்வுக்கு முந்தைய பருவத்தில் எங்கள் கப்பல் சென்னையிலிருந்து போய்வரத் தொடங்கியது. அப்போதுதான் எங்கள் கப்பல்காரர்களுக்குச் செருப்புப் பிரச்சினை அறிமுகமானது. முதல் பயணத்தின் முதல் மாலையிலேயே எல்லா நடைபாதையிலும், ஒவ்வொரு அறை வாசலிலும், ஜோடி ஜோடியாகச் செருப்புகள். பிலிப்பைன்ஸ் பணியாள் ஒருவர் பாலிஷ் போடத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ரப்பர் செருப்புகளைச் சேகரித்து வந்து என் மேசை மேல் வைத்து, இவற்றுக்கு எந்த பாலிஷ் என்று கேட்டார்.

விதிப்படி நடைபாதையில் எதுவும் இருக்கக் கூடாது. காரணம், புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து போக வேண்டிய பாதை அது. இதை நான் தமிழில் எழுதி ஒவ்வொரு அறைக்கும் அனுப்பினேன். செருப்புகள் உள்ளே போயின. கூடவே அறைக்குள் கற்பூரம் ஏற்றாதீர்கள் என்றும் எழுதினேன். புது இடத்தில் கால் வைக்கிறோமே என்று ஒரு குடும்பம் ஏற்றி, புகை உணரும் கருவி அலறி, தீயணைப்புக் குழு முழு உடையில் போய் நின்றபோது, அவர்களுக்கும் விபூதி கிடைத்தது.

அப்படிப்பட்ட ஒரு பயணத்தில்தான் நம் பக்கத்துக் குழு ஒன்று ஏறியது. பெரும்பாலும் கடைக்காரர்கள். அவர்களோடு வடக்கனந்தலிலிருந்து ஒரு தம்பதி, முனுசாமியும் பூங்காவனமும். சொந்த நிலம் கிடையாது, கரும்பு வெட்டும் கூலி வேலை. மகள் வெளிநாட்டில் நர்ஸ். அப்பா அம்மா கடல் பார்க்க வேண்டும் என்று பணம் கட்டியிருந்தாள். அப்பாவுக்குப் புது ஷூவும் வாங்கி அனுப்பியிருந்தாள். அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. முனுசாமி அணிந்திருந்தது நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்த இடத்தில் அடியில் ஊக்கு குத்தியிருந்தார்.

கப்பல் புறப்படும் முன் ஒரு பயிற்சி உண்டு. ஆபத்து என்றால் யார் எங்கே வந்து கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவோம். ஒருவர் வராவிட்டாலும் கப்பல் நகராது. நம் குழுவின் கூடுமிடம் கப்பலின் தியேட்டர். கடைக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே வரவில்லை.

"கெளம்பும்போதே முழுவுற பேச்சு இன்னாத்துக்கு சார்? நல்ல காரியத்துக்குப் போறோம். எங்கம்மா அழுவுறாங்க" என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

"உங்கள் கடையில் தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறீர்களா?"

"மாட்டியிருக்கேன்."

"மாட்டியதால் கடை எரிந்ததா?"

"அது ஆபீசரு கேட்டாருன்னு மாட்னது சார்."

"இங்கே நான்தான் ஆபீசர். உள்ளே வாருங்கள்."

சகுனத்துக்கு எதிராகக் காரணம் எடுபடாது. அதிகாரம்தான் எடுபடும். டிசில்வா மேடம் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் போனில் படம் எடுத்தார்கள். நான் நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்: "சத்தம் கேட்டா நேரா இங்க வந்து குந்திக்கணும். ரூமுக்குத் திரும்பிப் போகக் கூடாது. புருஷன் பொண்டாட்டியத் தேடிக்கினு, பொண்டாட்டி புருஷனத் தேடிக்கினு அலையக் கூடாது. ரெண்டு பேரும் இங்கதான் வரணும். பேர் கூப்பிடுவோம்."

முனுசாமி கை தூக்கினார். "வந்து குந்திக்கினு இருக்கோம். அப்பறம் யாரு சார் வந்து கூட்டிக்கினு போவாங்க?"

"நான் வருவேன்."

"நீங்க வர லேட்டானா?"

"எவ்ளோ நேரம் ஆனாலும் நான் வந்து சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"சரி சார்" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "யோவ், டைட்டானிக்கா இது?" என்றார் இன்னொருவர். ஜவுளிக்கடைக்காரரின் அம்மா மறுபடியும் அழத் தொடங்கினார்.

மறுநாள் காலை, சூரியன் எழும்பிய சிறிது நேரத்தில் டிசில்வா மேடம் என்னைக் கூப்பிட்டார். குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

திறந்த தளத்தைக் கழுவ வந்த மாலுமி, கைப்பிடிக் கம்பியின் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்திருக்கிறார். கடலைப் பார்த்தபடி, நேராக, அருகருகே. சுற்றிலும் ஆள் இல்லை. அவர் செருப்பைத் தொடவில்லை. அது சரியான முறை. உடனே பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் அறைக்குச் சொன்னார். அந்த இடத்துக் கேமராவில் நேர் வெயில் பட்டு வெள்ளையாக இருந்தது, எதுவும் தெரியவில்லை.

கப்பல் வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பி ஓரத்தில் கழற்றி வைத்த செருப்பு என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

நான் போய்ப் பார்த்தேன். நீல வார். ஊக்கு.

அறைக் கதவைத் தட்டியபோது பூங்காவனம் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னா, மூஞ்சி ஒரு மாரியா இருக்குது?"

"முனுசாமி எங்கேம்மா?"

"சூரியன் கெளம்புறதுக்குள்ள போயி கும்புட்டுட்டு வரேன்னாரு. இன்னும் காணம். வாயப் பொளந்துக்கினு எங்கனா நிப்பாரு."

எனக்கு அப்போதே மூச்சு வந்தது. கும்பிடுவதற்காகச் செருப்பைக் கழற்றியிருக்கிறார். கும்பிட்டு முடித்து மறுபக்கம் பார்க்க நடந்திருக்கிறார். வெறுங்காலில் நடப்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. ஊரில் மலை மேற்கே இருக்கும், வழி தவறாது. இங்கே நான்கு பக்கமும் தண்ணீர், எல்லாக் கதவும் ஒரே மாதிரி. எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, வரவேற்பு மேசைக்கு வரும்படி அழைத்தோம். மூன்று முறை. வரவில்லை. டிசில்வா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் பிரிட்ஜுக்கு ஏறினேன். கேப்டன் நார்வேக்காரர், அதிகம் பேசாதவர். நம் ஊரில் கும்பிடும் முன் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை விளக்கினேன். ஜோடியாக, நேராக வைத்திருப்பதே அதற்கு அடையாளம் என்றேன். தண்ணீரில் விழுந்தவர் அல்ல, வழி தெரியாதவர் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன்" என்றார். பிறகு சுக்கான் பிடித்தவரிடம் திரும்பி, கப்பலைத் திருப்பச் சொன்னார்.

நான் திகைத்து நின்றிருக்க வேண்டும். அவரே தொடர்ந்தார்: "நீங்கள் சொன்னது சரியென்றால் கொஞ்சம் எரிபொருள் வீண். தவறென்றால் ஒவ்வொரு நிமிடமும் நான் அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன். அவரைக் கண்டுபிடியுங்கள். அதுவரை அவர் கடலில் இருக்கிறார்."

ஒலிபெருக்கியில் "ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர்" என்று கேட்டது. ஆள் தண்ணீரில் என்பதற்கு எங்கள் கப்பலின் குறிச்சொல். இரு பக்கமும் தொலைநோக்கியோடு ஆட்கள் நின்றார்கள். மீட்புப் படகை இறக்கத் தயாராக்கினார்கள். கடலோரக் காவல் படைக்குச் செய்தி போனது. திறந்த தளங்களிலிருந்தும் அறைகளிலிருந்தும் தேடல் தொடங்கியது. வந்த தடத்திலேயே திரும்பிப் போகும்படி கப்பலை வளைக்க ஒரு முறை உண்டு; அதன்படி அத்தனை பெரிய கப்பல், தட்டில் இருந்த இட்லி கூட நகராமல் திரும்பியது.

பூங்காவனத்தை வரவேற்பு மேசைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். முறைப்படி குடும்பத்தாரோடு ஒருவர் இருக்க வேண்டும். மொழி தெரிந்தவன் நான். தேடுகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெயிலு இந்தாண்ட இருந்துதே சார். எங்க போச்சு?"

கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"கப்பலு திரும்புதா?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு?"

பொய் சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு. சமையலறையில் மீன் தீர்ந்துபோனதைக்கூட ஒரு கொண்டாட்டம் போல அறிவிக்கத் தெரியும். அந்த முகத்திடம் முடியவில்லை. செருப்பு இருந்த இடத்தைச் சொன்னேன்.

அவர் அழவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். "கெணத்துல நல்லா நீச்சலடிப்பாரு" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இது கெணறு இல்லியே."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"அவரு வுழுந்துருக்க மாட்டாரு சார். சொன்னா சொன்ன எடத்துல இருக்கற ஆளு. ஒரு தபா கரும்பு வெட்டப் போன எடத்துல மேஸ்திரி 'இங்கியே இரு, லாரி அனுப்புறேன்'னு வுட்டுட்டுப் போய்ட்டான். லாரி வரவேயில்ல. விடிய விடிய மழையில ரோட்டோரமே குந்திக்கினு இருந்தாரு. காலைல நான் தேடிக்கினு போயி கூட்டியாந்தேன். 'ஏன்யா, நடந்து வர்றதுதானே'ன்னா, 'இருன்னு சொன்னாங்களே'ன்றாரு. அப்படி ஒரு மனுசன்."

நான் எழுந்து நின்றேன்.

இருன்னு சொன்னாங்களே. யார் சொன்னது? அவர் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தோம், மூன்று முறை, ஆங்கிலத்தில். அதில் அவருக்குப் புரிந்திருக்கக் கூடிய ஒரே சொல் அவர் பெயர். பெயர் கூப்பிட்டால் எங்கே போய் உட்கார வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது?

டிசில்வா மேடத்தின் சீடனான நான் முதன்முறையாகக் கப்பலில் ஓடினேன்.

தியேட்டரில் நடன ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முன்கதவு பூட்டியிருந்தது, தேடுபவர்கள் இன்னும் அதுவரை வரவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். மேடையில் மட்டும் வெளிச்சம். பெண்கள் அரைக்கால் சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இருட்டில், பயிற்சி அன்று உட்கார்ந்த அதே இருக்கையில், கைகளை முழங்கால் மேல் வைத்து, மேடையைப் பார்க்காமல் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு முனுசாமி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா சார்" என்றார். "பேர் கூப்ட்டுக்கினே இருந்தாங்க. வழிய கண்டுபுடிச்சி வந்துட்டேன். நீங்கதான் வரல. மத்தவங்களாம் எங்க? நான் ஒருத்தன்தான் பொழைக்கணுமா?"

"உங்கள் வீட்டம்மா வரவில்லையே, தேடவில்லையா நீங்கள்?"

"தேடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நெஞ்சு அடிச்சிக்கினுதான் இருந்துது. எழுந்துக்கலாமா?"

"எழுந்திருங்கள்" என்றேன். பிரிட்ஜுக்குப் பேசினேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேப்டன் கேட்டார். உயிரோடு இருக்கிறார், செருப்பு இல்லாமல் என்றேன்.  மறுமுனையில் அந்த மனிதர் சிரித்தது கேட்டது. அவர் சிரித்ததை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பூங்காவனம் கணவனைப் பார்த்ததும் முதலில் செய்தது அவர் தோளில் ஓங்கி ஓர் அடி. "சாமி கும்புடப் போனா செருப்ப எடுத்துக்கினு வரத் தெரியாதாய்யா உனக்கு?" அதற்குப் பிறகுதான் அழுதார்.

காலை உணவில் ஜவுளிக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், கப்பலு ரிவர்ஸ் எடுத்துதாமே? கம்பெனிக்கு எவ்ளோ நஷ்டம்?" அவருடைய அம்மா அவர் கையிலேயே ஒரு தட்டு தட்டினார். "வாய மூடுறா. நாளைக்கு நீ வுழுந்தாலும் எடுப்பாங்க, அத நெனச்சிக்கோ." அடுத்த துறைமுகத்தில் புதுப் பயணிகள் ஏறியபோது நடந்த பயிற்சியில், அந்த அம்மாள்தான் முதல் ஆளாக, அவசியமே இல்லாமல் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

டிசில்வா மேடம் என்னிடம் சத்தமாகப் பேசினார், ஆகவே எல்லாம் நலம் என்று தெரிந்தது. ஆள் தேடும் அறிவிப்பை அந்தந்தப் பயணியின் மொழியிலும் சொல்ல வேண்டும் என்று விதி மாறியது. தேடும்போது கூடுமிடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்றும். திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளுக்கு உட்புறம், செருப்புகளுக்காக மரத் தட்டுகள் வந்தன. பல நாட்டுக் கனவான்களும் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வெறுங்காலில் கப்பல் தளம் நன்றாகத்தான் இருக்கும். விடியற்காலையில் நடந்து பாருங்கள்.

ஆகவே, பின்வரிசை அம்மாளுக்கு என் பதில்: அறைக்கு உள்ளே. தளத்துக்குப் போனால் தட்டில். கம்பி ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம். பயிற்சிக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். அது முழுகுகிற பேச்சல்ல. உங்களை ஒருவர் கணக்கில் வைத்திருக்கிறார் என்பதற்கான ஏற்பாடு அது.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்று முனுசாமியின் செருப்பை நானே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். அவர் தளத்தில் நின்று, கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் இருந்த வளைவான வெள்ளைத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாம திரும்புன தடமா சார்?"

"ஆமாம்."

"என்னத் தேடியா?"

"உங்களைத் தேடித்தான்."

"நான் எங்க இருக்கேன்னே தெரியாமயா திருப்புனாங்க?"

"தெரியாமல்தான்."

 தடம் மெல்ல அழிந்துகொண்டிருந்தது.

"லாரி அனுப்புறேன்னு சொன்ன மேஸ்திரிக்கு நான் எங்க இருந்தேன்னு தெரியும் சார்" என்றார். குனிந்து ஊக்கைச் சரிபார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மனைவியைச் சாப்பிடக் கூட்டிப் போனார்.